சுழலும் மின்முனைக்குக் கணக்கு எழுதிய லெவிச்

நம் கல்லூரி வேதியியல் துறையில் எம்.எஸ்ஸி. படித்த எல்லோருக்கும் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பேப்பர் நினைவிருக்கும். அதில் லெவிச் சமன்பாடு என்று ஒன்று வரும். மூன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று விசித்திரமான அடுக்குகள். முன்னால் 0.62 என்று ஒரு எண். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே மனப்பாடம் பண்ணி, மறுநாள் தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த லெவிச் யார், எந்த ஊர்க்காரர், எப்படி வாழ்ந்தார் என்று கேட்க அப்போது தோன்றவே இல்லை. பாடப்புத்தகத்தில் வரும் பெயர்கள் எல்லாம் நமக்குச் சமன்பாட்டின் தலைப்புகள்தானே தவிர, மனிதர்கள் இல்லை.

பல வருஷம் கழித்துத்தான் அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஆற அமரப் படிக்க வாய்த்தது. படித்து முடித்ததும், இதை நம்ம பிள்ளைகளுக்கும் பழைய நண்பர்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும் என்று பட்டது. சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது வேறு எதுவும் யோசிக்கவில்லை.

கார்க்கோவ் மாணவர்

வெனியமின் கிரிகோரியெவிச் லெவிச் 1917 மார்ச் 30 அன்று, இன்று உக்ரைனில் உள்ள கார்க்கோவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ரஷ்யப் புரட்சி நடந்த அதே வருஷம். அவர் கல்லூரிக்குப் போகும் வயதில் கார்க்கோவ் இயற்பியலுக்குப் பேர்போன ஊராகிவிட்டது. காரணம், 1932 முதல் அங்கே வேலை பார்த்த லெவ் லந்தாவ். பிற்பாடு 1962-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அன்றைக்கு அவருக்கே இருபத்து சொச்சம் வயதுதான். ஆனாலும் அவரிடம் மாணவராகச் சேருவது லேசான காரியம் இல்லை. கணிதத்தில் தொடங்கி இயற்பியலின் எல்லாப் பிரிவுகளையும் தொடும் ஒரு தேர்வு வரிசையை அவர் வைத்திருந்தார். லந்தாவின் குறைந்தபட்சம் என்று அதற்குப் பெயர். பெயர்தான் குறைந்தபட்சம்! சுமார் முப்பது வருஷத்தில் அதை முழுதாகத் தாண்டியவர்கள் 43 பேர் மட்டுமே. அந்தப் பட்டியலின் ஆரம்ப வரிகளிலேயே லெவிச்சின் பெயர் இருக்கிறது. 1937-இல் கார்க்கோவ் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த அதே வருஷம், இருபது வயதில், அதையும் தாண்டினார்.

அது ஸ்டாலின் காலம். 1937-இல் கார்க்கோவ் ஆய்வு நிலையத்திலேயே விஞ்ஞானிகள் கைது செய்யப்பட்டார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ்கோவுக்குப் போய்விட்ட லந்தாவும் 1938 ஏப்ரலில் கைதாகி, பீட்டர் கபிட்சா போராடிய பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். படிப்பும் பயமும் சேர்ந்தே வளர்ந்த தலைமுறை லெவிச்சுடையது. பின்னாளில் அவர் எடுத்த முடிவின் கனத்தைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லெவிச்சும் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த இடம் ஓர் இயற்பியல் துறை அல்ல. மின்வேதியியலில் சோவியத் நாட்டின் தலைமகனாக இருந்த அலெக்சாண்டர் ஃப்ரும்கினின் கூடம் அது. சுத்தமான தியரி படித்த இளைஞர், பீக்கரும் பேட்டரியும் கால்வனோமீட்டருமாக இருந்த ரசாயனக்காரர்கள் நடுவே போய் உட்கார்ந்தார். இந்த இரண்டு பேர், அதாவது லந்தாவும் ஃப்ரும்கினும், லெவிச்சின் வாழ்க்கையை வடிவமைத்தார்கள் என்றால் அது மிகையாகாது. ஒருவரிடம் கணக்கைக் கற்றார்; இன்னொருவரிடம் எதற்குக் கணக்குப் போட வேண்டும் என்பதைக் கற்றார்.

கலக்கினால் என்ன ஆகிறது?

அந்தக் கூடத்தில் காத்திருந்த பிரச்சனை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றத் துறை நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கரைசலில் உலோக மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன் முகத்தில் வினை நடக்கிறது. வினைக்கு வேண்டிய அயனிகள் முகத்தருகே தீர்ந்துபோக, தூரத்தில் இருப்பவை விரவி வந்து சேரவேண்டும். சும்மா விட்டால் வரத்து குறைந்துகொண்டே போகும். ஆகவே கரைசலைக் கலக்குவார்கள். கலக்கினால் மின்னோட்டம் கூடுகிறது. சரி, எவ்வளவு கூடும்? அங்கேதான் சிக்கல். கண்ணாடிக் குச்சியால் கலக்கினால் ஒரு அளவு, காந்தத் துண்டால் கலக்கினால் ஒரு அளவு, பக்கத்து மேசைக்காரர் கலக்கினால் இன்னொரு அளவு. நெர்ன்ஸ்ட் 1904-இலேயே மின்முனையை ஒட்டி அசையாத ஒரு மெல்லிய படலம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம் என்று வழி காட்டியிருந்தார். ஆனால் அந்தப் படலத்தின் கனம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சோதனை முடிந்த பிறகு விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்கலாம். அப்படியென்றால் அது விளக்கம் ஆகாது, ஒப்புக்குச் சப்பாணி.

லெவிச் இந்த இடத்தில்தான் இயற்பியல்காரராக உள்ளே நுழைந்தார். அசையாத படலம் என்று ஒன்றும் கிடையாது. திரவம் முகம் வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, முகத்தை நெருங்க நெருங்க அதன் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். ஆகவே திரவம் எப்படி ஓடுகிறது என்ற கணக்கையும், அயனி எப்படி விரவுகிறது என்ற கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்க்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார். எந்த வடிவ மின்முனைக்கு இதைச் செய்வது? பெரும்பாலான வடிவங்களுக்கு ஓட்டக் கணக்கே தலைசுற்ற வைக்கும். ஆனால் சுழலும் வட்டு ஒன்றின் மேல் திரவம் எப்படி ஓடும் என்பதை தியோடர் வான் கார்மன் 1921-இல் தீர்த்திருந்தார். 1934-இல் காக்ரன் அதைத் திருத்திச் செம்மையாக்கியிருந்தார். லெவிச் அதைக் கையில் எடுத்தார்.

தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்து சுற்றும்போது மோர் பக்கவாட்டில் விசிறி அடிக்கப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு மோர் உள்ளே வருகிறது. கரைசலில் முகம் கீழே பார்க்கும்படி ஒரு வட்டைச் சுழற்றினாலும் இதேதான். வட்டு திரவத்தைச் சுற்றிலும் வீசுகிறது. கீழேயிருந்து புதுத் திரவம் செங்குத்தாக மேலேறி வருகிறது. இதில் ஒரு அருமையான விஷயம் ஒளிந்திருக்கிறது. அப்படி மேலேறி வரும் வேகம் வட்டின் முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டுமே பொறுத்தது. நடுவிலா ஓரத்திலா என்பதைப் பொறுத்ததல்ல. அதனால் வட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே அளவு சரக்கு வந்து சேருகிறது. பந்தியில் முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரே பரிமாறல்! வேறு வடிவங்களில் இந்தச் சமத்துவம் கிடைப்பது அபூர்வம்.

போர்க்காலத்துத் தாள்

இந்தக் கணக்கு வெளிவந்த வருஷம் 1942. ஜெர்மன் படை சோவியத் மண்ணுக்குள் வந்துவிட்ட நேரம். லெவிச் பிறந்த கார்க்கோவ் எதிரியின் பிடியில் இருந்தது. மாஸ்கோவின் அறிவியல் அகாடமி நிலையங்கள் பலவும் கசான் நகருக்கு இடம் பெயர்ந்திருந்தன. அப்படிப்பட்ட வருஷத்தில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் சுழலும் வட்டைப் பற்றித் தாள் எழுதியிருக்கிறார். அதே 1942-இல் லந்தாவும் லெவிச்சும் சேர்ந்து, திரவத்திலிருந்து ஒரு தகட்டை மேலே இழுத்தால் அதில் எவ்வளவு கனத்துக்குப் படலம் ஒட்டும் என்பதையும் தீர்த்தார்கள். படலத்தின் கனம் இழுக்கும் வேகத்தின் மூன்றில் இரண்டு அடுக்கில் கூடும் என்பது அந்த விடை. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் பூச்சு கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வட்டுக்கு வந்த விடை இதுதான். எல்லை மின்னோட்டம் சுழற்சி வேகத்தின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கரைசலின் செறிவுக்கும், வட்டின் பரப்புக்கும் நேர்விகிதம். விரவல் எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கில் கூடும். திரவத்தின் பாகுநிலை எண்ணோடு ஆறில் ஒன்று அடுக்கில் குறையும். சுருக்கமாகச் சொன்னால், நிமிஷத்துக்கு 400 சுற்று சுற்றும் வட்டை 1600 சுற்றாக்கினால் மின்னோட்டம் நாலு மடங்கு ஆகாது, இரண்டு மடங்கு ஆகும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 950 சுற்று என்றால், சாதாரண நீர்க்கரைசலில் விரவல் படலத்தின் கனம் சுமார் 16 மைக்ரான், அதாவது தலைமுடிப் பருமனில் கால் பங்கு அளவு. திரவத்தின் ஓட்டம் மெதுவாகும் படலம் இதைப்போல இருபது மடங்கு கனம். நெர்ன்ஸ்ட் கற்பனை செய்த இடத்தில் இப்போது ஒரு எண், அதுவும் சோதனைக்கு முன்பே சொல்லக்கூடிய எண், வந்து உட்கார்ந்துவிட்டது.

நாற்பதுகளின் கடைசியில் ஃப்ரும்கின் கூடத்துச் சோதனைக்காரர்கள் நிஜமாகவே வட்டைச் செய்து சுழற்றிப் பார்த்தார்கள். கணக்கு சொன்னபடியே அளவு வந்தது.

கணக்கு எளிது, கருவி கடினம்

இந்த இடத்தில் நம் லேப் பக்கம் கொஞ்சம் வந்துவிட்டுப் போகலாம். கணக்கின் அருமை கருவியைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு எங்கள் செட்டில் மூன்று பேர் சேர்ந்து சுழலும் மின்முனை ஒன்று செய்ய இறங்கினோம். விலைக்கு வாங்கும் வசதி அன்று துறைக்கு இல்லை. தையல் மெஷின் மோட்டார் ஒன்று, டவுனில் ஒரு லேத் பட்டறை, கைடு சார் கொடுத்த கொஞ்சம் பிளாட்டினம், அட்டெண்டர் அண்ணன் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த டெஃப்லான் துண்டு, இவ்வளவுதான் மூலதனம்.

முதல் வட்டு வேலை செய்யவே இல்லை. தண்டு நேராக இல்லாமல் ஆட்டம் கொடுத்தது. ஆட்டம் கொடுத்தால் வட்டு கலக்கும் கரண்டியாகிவிடும். கார்மன் சொன்ன அழகான ஓட்டம் அங்கே இருக்காது. இரண்டு பேரிங்கை நடுவில் இடைவெளி விட்டு மாட்டிய பிறகுதான் ஆட்டம் நின்றது. அடுத்தது கசிவு. உலோகத்துக்கும் டெஃப்லான் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கரைசல் உள்ளே ஏறிவிடும். பிறகு உங்கள் வட்டின் பரப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. துளையை ஒரு துளி சிறியதாகப் போட்டு, டெஃப்லானைச் சூடாக்கி விரியவைத்து, உலோகத்தை உள்ளே அழுத்தி, ஆறவிட்டால் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பட்டறை மேஸ்திரிதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

மூன்றாவது தொல்லை மின்தொடர்பு. சுற்றிக்கொண்டே இருக்கும் தண்டிலிருந்து மின்னோட்டத்தை வெளியே எடுக்கவேண்டும். பழைய கருவிகளில் பாதரசக் குழியில் தண்டின் நுனியை முக்கி எடுத்தார்கள். நாங்கள் கார்பன் பிரஷ் வைத்தோம். தொடர்பு விட்டுவிட்டுப் பட்டு, ரெக்கார்டரில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பிரஷ் வைத்து, தண்டின் அந்தப் பகுதியை நன்றாகப் பாலிஷ் போட்டதும் அடங்கியது. வட்டின் முகத்தையும் உறையின் முகத்தையும் ஒரே மட்டமாக, அலுமினாப் பொடியில் கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். வட்டு மூன்று, நாலு மில்லிமீட்டர் போதும். சுற்றியுள்ள உறை அதைவிட அகலமாக இருக்கவேண்டும். அப்போதுதான் ஓரத்துக் குழப்பம் வட்டை எட்டாது. வேகம் மிகவும் குறைந்தால் கணக்கு பொருந்தாது, மிகவும் கூடினால் ஓட்டம் கலங்கிவிடும், காற்றையும் சுழியாக உள்ளே இழுக்கும். 100 முதல் 10,000 சுற்று வரை என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. எங்கள் தையல் மோட்டார் 3,000-க்கு மேல் போனால் மேசையே நடுங்கியது என்பது வேறு கதை.

கடைசியில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு கரைசலை பொட்டாசியம் குளோரைடோடு எடுத்து, நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை வெளியேற்றி, ஐந்து வேகங்களில் அளந்தோம். கிராஃப் தாளில் வர்க்க மூலத்துக்கு எதிராக மின்னோட்டத்தைக் குறித்தபோது ஐந்து புள்ளியும் ஒரே நேர்கோட்டில், பூஜ்யத்தை நோக்கிப் போனது. சார் ஒன்றும் பேசாமல் ஸ்கேலை வாங்கித் தானே கோடு போட்டார். மனப்பாடம் பண்ணிய சமன்பாடு உண்மை என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

வளையமும் வட்டும்

லெவிச்சின் கதைக்குத் திரும்புவோம். ஐம்பதுகளில் அவருடைய கை ஓங்கியது. திரவ ஓட்டமும் வேதியியலும் சந்திக்கும் இடங்களை எல்லாம், அதாவது குமிழி ஏறுவது, துளி விழுவது, அலை அடங்குவது, வினை நடப்பது எல்லாவற்றையும், ஒரே பார்வையில் கொண்டுவந்து இயற்பு வேதிப் பாய்ம இயக்கவியல் என்ற பெயரில் 1952-இல் ஒரு நூல் எழுதினார். 1959-இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது. 1962-இல் ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளியானது. ஒரு புதுத் துறைக்கே அந்த நூலின் பெயர்தான் பெயராக நிலைத்தது. கெமிக்கல் இன்ஜினியர்களும் அதைத் தேடிப் படித்தார்கள்.

1958-இல் மாஸ்கோவில் ஃப்ரும்கின் தலைமையில் மின்வேதியியல் நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் தியரிப் பிரிவு லெவிச்சின் பொறுப்பில் வந்தது. அதே வருஷம் சோவியத் அறிவியல் அகாடமியின் தொடர்பு உறுப்பினர் ஆனார். 1959-இல் ஃப்ரும்கினும் நெக்ராசவும் வட்டைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டு இன்னொரு உலோக வளையத்தையும் பதித்தார்கள். வட்டில் பிறக்கும் பொருளைத் திரவம் வெளிப்பக்கம் அடித்துக்கொண்டு போகுமல்லவா? போகிற வழியில் வளையம் அதைப் பிடித்து அடையாளம் காட்டும். அதற்கான கணக்கிலும் லெவிச்சுக்குப் பங்கு உண்டு. ஆக்சிஜன் நேராக நீராகிறதா, நடுவில் ஹைட்ரஜன் பெராக்சைடாக நின்றுபோகிறதா என்று எரிபொருள் மின்கலம் செய்பவர்கள் இன்று வினையூக்கிகளைச் சோதிப்பது இந்த வளைய வட்டில்தான். மெதுவாக நடக்கும் வினையின் வேகத்தை விரவலிலிருந்து பிரித்தெடுக்கும் கோடு ஒன்றும் செக் நாட்டு கொவுட்டெக்கியின் பெயரோடு லெவிச்சின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது.

இதோடு நிற்கவில்லை. மின்முனையிலிருந்து எலக்ட்ரான் அயனிக்குத் தாவும் அந்த ஒரு கணத்தைக் குவாண்டம் முறையில் எழுதும் வேலையை 1959-இல் தன் மாணவர் தொகனாட்சேயோடு தொடங்கினார். அமெரிக்காவில் இதே பிரச்சனையில் உழைத்த ருடால்ஃப் மார்கஸ் 1992-இல் நோபல் பரிசு பெற்றார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பெரிய பாடநூல்களின் ஆசிரியர், உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் பெயர். ஒரு சோவியத் விஞ்ஞானிக்கு வேறென்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றும்.

1972

ஐம்பத்தைந்து வயதில், எல்லாம் கையில் இருந்தபோது, லெவிச் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் குடிபெயர அனுமதி கேட்டு மனுப் போட்டார். அதுவரை அப்படி மனுப் போட்ட சோவியத் விஞ்ஞானிகளில் இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் யாரும் இல்லை. சோவியத் நாட்டில் அன்று யூதர்களுக்குப் பல கதவுகள் சத்தமில்லாமல் மூடியிருந்தன. வெளியே போகிறேன் என்று கேட்பதோ துரோகமாக எண்ணப்பட்டது.

விளைவு உடனே தெரிந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி போயிற்று. நிலையத்தில் கீழிறக்கப்பட்டார். வெளிநாட்டுக் கருத்தரங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. அனுமதியும் கிடைக்கவில்லை. போகவும் முடியாது, இருந்து வேலை செய்யவும் முடியாது என்ற திரிசங்கு நிலை. இந்த நிலையில் இருந்த விஞ்ஞானிகள் மாஸ்கோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, செமினார் நடத்தி, மூளை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய அடி 1973 மே மாதம் விழுந்தது. அவருடைய இளைய மகனும் ஒரு விஞ்ஞானி, உடம்பு சரியில்லாதவர். அவரைத் தெருவிலேயே பிடித்து, ராணுவ சேவை என்று சொல்லி, ஆர்க்டிக் கரையில் உள்ள டிக்ஸிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கேட்டதற்குப் பிள்ளைக்குத் தண்டனை. ஒரு தகப்பன் அந்த இடத்தில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லெவிச் வாங்கவில்லை. 1975-இல் மகன்களை வெளியேற விட்டார்கள். பெற்றோரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷங்களில் உலகத்து விஞ்ஞானிகள் அவரைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1973-இல் அமெரிக்க மின்வேதியியல் சங்கம் தன் பல்லேடியம் பதக்கத்தை அவருக்கு அறிவித்தது. 1977-இல் அவருக்கு அறுபது வயது. நம் ஊராக இருந்தால் சஷ்டியப்தபூர்த்தி என்று சொந்தபந்தம் கூடியிருக்கும். லெவிச்சுக்கு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடினார்கள். பிரையன் ஸ்பால்டிங் முன்நின்று, இயற்பு வேதிப் பாய்ம இயக்கவியலுக்கென்றே ஒரு சர்வதேசக் கருத்தரங்கை லெவிச்சின் அறுபதாம் ஆண்டை ஒட்டி நடத்தினார். விழா நாயகரை மாஸ்கோ அனுப்பவில்லை. அவர் இல்லாமலேயே, அவர் தொடங்கிய துறையைப் பற்றிப் பல நாட்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து பேசினார்கள். வராமல் போனவர் யார், ஏன் வரவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

1978 செப்டம்பரில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி மாஸ்கோ போய் வந்ததை ஒட்டி லெவிச் தம்பதிக்கு அனுமதி கிடைத்தது. அந்த வருஷக் கடைசியில் அவர்கள் வெளியேறினார்கள். மனுப் போட்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நியூயார்க்கில் ஒரு புது லேப்

இஸ்ரேலில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லெவிச், 1979-இல் நியூயார்க் சிட்டி காலேஜில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பேராசிரியர் ஆனார். சிட்டி காலேஜ் பணக்காரப் பிள்ளைகளின் கல்லூரி அல்ல. கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளையும் படிக்க வைத்துப் பெயரெடுத்த அரசுக் கல்லூரி. அறுபது தாண்டிய வயதில், வேறு மொழி பேசும் ஊரில், முதலிலிருந்து ஒரு ஆய்வு நிலையத்தை அங்கே கட்டி எழுப்பினார். நம்மில் பலர் அந்த வயதில் பென்ஷன் பேப்பரைத் தேடிக்கொண்டிருப்போம்.

எட்டு வருஷமே அவருக்குக் கிடைத்தது. 1987 ஜனவரியில், எழுபது வயது நிறைய இரண்டு மாதம் இருக்கையில் காலமானார். அவர் தொடங்கிய நிலையம் லெவிச் நிலையம் என்றே பெயர் பெற்றது. அவர் விட்டுச்சென்ற ஐன்ஸ்டைன் பேராசிரியர் பதவிக்கு 1988-இல் வந்தவர் பாய்ம இயக்கவியலில் பெரும் புலமை பெற்ற ஆண்ட்ரியாஸ் அக்ரிவோஸ். அவரை வளர்த்த சோவியத் நாடு 1991-இல் கலைந்துவிட்டது. வட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு

நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிலையம். செக்ரி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நம் துறையில் படித்துவிட்டு அங்கேயோ வேறு எங்கேயோ பேட்டரி, அரிமானம், எரிபொருள் மின்கலம் என்று ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே சுழலும் வட்டின் முன்னால் நிற்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் வேகம் மாறும், கோடு தானே வரும். தண்டின் ஆட்டத்தையும் டெஃப்லான் கசிவையும் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. அது நல்லதுதான். ஆனால் ஒரு தடவையாவது ஸ்கூட்ரைவர் பிடித்து அந்தத் தண்டைக் கழற்றிப் பாருங்கள், தம்பி தங்கைகளே. எது எதனால் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முகம் ஏன் கீழே பார்க்கிறது, உறை ஏன் அகலம், பிரஷ் ஏன் இரண்டு என்பதற்கெல்லாம் பதில் 1942-ஆம் வருஷத்துத் தாளிலும் ஏதோ ஒரு லேத் பட்டறையிலும் சேர்ந்துதான் இருக்கிறது.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போன வருஷம் துறைக்குப் போனபோது ஸ்டோர் ரூம் அலமாரியின் மேல்தட்டில் எங்கள் தையல் மோட்டார் கருவியைப் பார்த்தேன். பிரஷ் தேய்ந்துவிட்டது, பிளாட்டினம் பத்திரமாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது, நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்திலேயே இன்னும் இரண்டு, மூன்று செட்டுக்காரர்கள் செய்த கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றன. அவரவர் செய்ததை அவரவர் வந்து அடையாளம் காட்டி, ஓடவைத்து, எப்படிச் செய்தோம் என்று இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் என்ன? துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன், சாவி தரத் தயார் என்கிறார். சந்திப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புமுன் வேதியியல் கட்டிட மாடிக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். நான் அங்கே இருப்பேன்.